எல்லோரும் ஸ்டான்லி ஹோல்ராய்ட்

நார்மன் பிக்கர்ஸுக்கு எண்பத்திரண்டு வயது. அவன் பேச்சைக் கேட்டால், மனுஷன் மொத்தமே ஒன்றரை வருஷம்தான் வாழ்ந்திருக்கிறான் என்று தோன்றும். டார்லிங்டன் தெருக்களில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினான். அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சைப்ரஸில் எட்டு மாதம் துப்பாக்கியும் கையுமாகக் காவல் நின்றான். அதைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, காரணமும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் வருவது ஒன்றே ஒன்றுதான்: மாட் அத்தை.

மாட் அத்தை என்பது ஒரு கார். நாங்கள் வாங்கும்போதே அதற்கு இருபத்தோரு வயது. இடதுபக்கக் கதவு கயிற்றில் நிற்கும். தரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ரோடு ஓடுவதைப் பார்க்கலாம். மழை வந்தால் கண்ணாடி துடைக்கும் கம்பியை உள்ளேயிருந்து ஒருவன் நூல் கட்டி இழுக்கவேண்டும். டெரெக்குக்கு ஒரு அத்தை இருந்தாளாம், எங்கே போனாலும் மூச்சு வாங்கி வழியில் உட்கார்ந்துவிடுவாளாம். அவள் பெயரையே வைத்தோம்.

நான்கு பேர் சேர்ந்து வாங்கியது அது. நான், நார்மன், டெரெக், கோர்டன். அந்தக் காலத்தில் எல்லாப் பையன்களும் இரண்டு வருஷம் படையில் இருந்தே தீரவேண்டும். எங்களை லிங்கன்ஷயரில் ஒரு விமானப்படை முகாமில் போட்டார்கள். விமானப்படை என்றதும் மேகத்துக்குள் பறந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் குமாஸ்தா. நார்மன் சாமான் கிடங்கு. மற்ற இருவரும் உருளைக்கிழங்கு உரித்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளி சாயங்காலம் விடுப்புச் சீட்டு கிடைக்கும். வடக்கே போகும் பெருவழியில்தான் நாலு பேர் வீடும். டான்காஸ்டரில் நான் இறங்குவேன். வெதர்பியில் டெரெக். பரோபிரிட்ஜில் கோர்டன். கடைசியாக நார்மன் டார்லிங்டனுக்குத் தனியாக ஓட்டிப் போவான். இரண்டு இரவும் கார் அவன் வீட்டில் தூங்கும். ஞாயிறு மதியம் அங்கிருந்து புறப்பட்டு எங்களை ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொண்டு வருவான்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். நானோ முதல் ஆளாக இறங்கிவிடுவேன். மற்ற மூவருக்கும் ஓட்டத் தெரியும், தேர்வில்தான் தேறவில்லை. அப்போதெல்லாம் உரிமம் ஒரு சின்னச் சிவப்புப் புத்தகம். அதில் புகைப்படம் கிடையாது. ஆகவே புத்தகத்தைக் காரிலேயே வைத்துவிட்டு நாங்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். ஸ்டியரிங்கில் யார் உட்கார்ந்திருக்கிறானோ அவன்தான் ஸ்டான்லி ஹோல்ராய்ட். என் பிறந்தநாள், என் வீட்டு எண், என் அம்மா பிறந்த ஊர் எல்லாவற்றையும் மூன்று பேரும் மனப்பாடம் செய்தார்கள். ராத்திரி விளக்கணைந்த பிறகும் கட்டிலில் கிடந்தபடி ஒருவனையொருவன் கேள்வி கேட்டுக்கொள்வார்கள். என் அம்மா வெஸ்ட்பியில் பிறந்தவள் என்பது எனக்கே மறந்தாலும் கோர்டனுக்கு மறக்காது.

ஐம்பத்தாறு அக்டோபரில் நார்மனை நாலே நாள் அவகாசத்தில் சைப்ரஸுக்கு அனுப்பினார்கள். அவன் போன பிறகு கார் பரோபிரிட்ஜைத் தாண்டவில்லை. டிசம்பரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் மாட் அத்தையை ஒரு கோழிப்பண்ணைக்காரனுக்குத் தள்ளிவிட்டோம். கதை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நார்மன் அறுபது வருஷம் பேசினான். கல்யாணமாகி ரயில்வே வேலைக்காக நானும் டார்லிங்டனுக்கே வந்துவிட்டதால் முழுவதையும் கேட்டவன் நான்தான். டெரெக்கும் கோர்டனும் புண்ணியவான்கள், போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

போன வருஷம் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் முன்னாள் படையினர் மன்றத்துக்கு வந்தாள். நார்மன் விடுவானா? பிடித்துக்கொண்டான். அரைப் பக்கம் வந்தது, பழைய படத்தோடு. மாட் அத்தையின் முன்னால் நாலு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், கீழே எங்கள் பெயர்கள். உரிமத்தை நாலு பேர் பங்கு போட்ட விஷயத்தை மட்டும் போடக்கூடாது என்று நான் அந்தப் பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சாகிற வயதில் போலீஸ் கேஸ் எனக்கு எதற்கு?

பத்திரிகை வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. வாசல் மணி அடித்தது. என் மனைவி பிரெண்டா போய்த் திறந்தாள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மழைக் கோட்டோடு நின்றிருந்தாள். பெயர் பெவர்லி, ஊர் நார்த்தாலர்டன், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மூக்கில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

"ஸ்டான்லி ஹோல்ராய்ட் நீங்கதானே?"

"நாந்தான்."

"ஐம்பத்தாறுல லிங்கன்ஷயர் கேம்ப்ல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"டோரீன்னு ஒருத்தங்கள ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. பெவர்லி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மா. போன பிப்ரவரியில தவறிட்டாங்க. என் அப்பா யாருன்னு கடைசி வாரந்தான் வாயத் திறந்தாங்க. உங்க பேரச் சொன்னாங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிரெண்டா டீப்பாத்திரத்தை மேசைமேல் மெதுவாக வைத்தாள். அறுபது வருஷமாக எனக்கு அவளைத் தெரியும். அவள் சாமானை மெதுவாக வைத்தால் நான் தோட்டத்துக்குப் போய்விடுவது வழக்கம். அன்றைக்குப் போக வழியில்லை.

"ஸ்டான், உங்க பொண்ணுக்கு டீயில சர்க்கரை எத்தனைன்னு கேளுங்க," என்றாள்.

பெவர்லி ஒன்றும் வேண்டாம் என்றாள். பணம் காசு கேட்டு வரவில்லை, யார் குடும்பத்தையும் கலைக்க வரவில்லை, அப்பா என்ற ஆள் உயிரோடிருக்கும்போதே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடவேண்டும், அவ்வளவுதான் என்றாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. பல நாள் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பாள் போலிருக்கிறது. நான் சத்தியமாக அவளுடைய அம்மாவைப் பார்த்ததே இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் பொய் சொல்கிற மாதிரி இருந்தது. எண்பத்திரண்டு வயதில் எதை மறந்தோம், எதை மறக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான்தானோ என்று என்னையே சந்தேகித்தேன்.

அப்போது அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்டிருந்தது.

"இத நீங்க எழுதலையா?"

முகாம் அலுவலகக் காகிதம். இரண்டே வரி. 'மேடம், உங்களை எனக்குத் தெரியாது. தயவுசெய்து இனி எழுதவேண்டாம்.' கீழே என் கையெழுத்து. குமாஸ்தா கையெழுத்து, அச்சு மாதிரி இருக்கும், அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது.

நான் ஆடிப்போய்விட்டேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. பார்க்காத பெண்ணுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அதுவும் இப்படி ஒரு கடிதம். பிரெண்டா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கும் எனக்கும் நிச்சயமானது ஐம்பத்தாறு அக்டோபர் கடைசியில். காகிதத்தில் தேதி நவம்பர் இருபத்திரண்டு. அவள் கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

கணக்குப் போட்டு என்னைக் காப்பாற்றியதும் அவள்தான். பெவர்லியின் அம்மா அந்த ஸ்டானை எங்கே சந்தித்தாள் என்று கேட்டாள். பரோபிரிட்ஜுக்கும் டார்லிங்டனுக்கும் நடுவே லீமிங் பக்கத்தில், பெருவழி ஓரத்தில், லாரிக்காரர்கள் டீ குடிக்கும் கடையில். அம்மா அங்கே பரிமாறிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை அந்தப் பையன் பழைய கார் ஒன்றில் வருவான் என்றாள் பெவர்லி.

பிரெண்டா திரும்பினாள். "லீமிங்கா? இவரு டான்காஸ்டர்லயே இறங்கிடுவாரே. எங்க வீட்ல சனிக்கிழமை முழுக்க எங்க அப்பாவோட சீட்டு விளையாடித் தோத்துட்டிருப்பாரு. ஒரு தடவகூட தவறினதில்ல. பரோபிரிட்ஜுக்கு அந்தப்பக்கம் கார் யார்கிட்ட இருந்துச்சு ஸ்டான்?"

நார்மன். நார்மன் ஒருவன்தான்.

அதற்கப்புறம் பெவர்லிக்கு எங்கள் சட்டத்தை விளக்கிச் சொல்லவேண்டி வந்தது. ஸ்டியரிங்கில் இருப்பவன் ஸ்டான் என்று நான் சொன்னபோது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னேன். சின்ன வயதில் விளையாட்டாகச் செய்த காரியம் அந்த அறையில் எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலித்தது என்று சொல்லி மாளாது.

"அப்ப என் அப்பா பேரு ஸ்டான் இல்ல," என்றாள் மெல்ல.

"இல்லம்மா."

"அம்மாவுக்கு அது தெரியாது."

தெரியாது என்றேன். அவள் அழுதாள். பிரெண்டா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

நார்மனுக்கு டெலிபோனில் சொல்ல முடியாது, காது மந்தம். வியாழக்கிழமை மதியம் மன்றத்தில் நேரில் சொல்லிக்கொள்ளலாம், முதலில் நான் தனியாகப் பேசுகிறேன், பிறகு பெவர்லி வரட்டும் என்று ஏற்பாடு. செவ்வாய் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது அந்தப் பழைய கடிதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, புதன்கிழமை முழுக்க வாக்கியம் தயார் செய்தேன். ஒன்றும் நிற்கவில்லை. வியாழக்கிழமை நானும் பிரெண்டாவும் போய்ச் சேர்வதற்குள் பெவர்லி அரை மணி முன்னதாகவே வந்துவிட்டிருந்தாள். பொறுக்கமுடியவில்லை போலும். நார்மனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகை படித்துவிட்டு மாட் அத்தையைப் பற்றிக் கேட்க வந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நார்மனுக்கு அது போதாதா? இறைச்சி வைத்துச் சுட்ட அடையும் பட்டாணியும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. அவன் உச்சத்தில் இருந்தான்.

நாங்கள் போனபோது அவன் வெதர்பி போலீஸ்காரன் கதைக்கு வந்திருந்தான். டெரெக்கும் கோர்டனும் வழியில் இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரன் பிடித்துவிட்டான், பெயர் என்ன என்று கேட்டான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டான்லி ஹோல்ராய்ட் என்றார்கள். பின் சீட்டிலிருந்து நார்மன், இவர்கள் அண்ணன் தம்பி சார் என்றானாம். இரண்டு பேருக்கும் ஒரே பெயரா என்று போலீஸ்காரன் கேட்டதற்கு, அப்பாவுக்கு ஞாபகமறதி சார் என்றானாம். இந்த இடத்தில் மன்றமே சிரிக்கும். நானே நூறு தடவை சிரித்திருக்கிறேன். நார்மன் மேசையைத் தட்டிச் சிரித்தான். பெவர்லி சிரிக்கவில்லை.

"லீமிங் பக்கத்துல ஒரு டீக்கடை இருந்துச்சே," என்றாள். "அங்க உங்க பேரு என்ன?"

நார்மனின் கை மேசைமேலேயே நின்றுவிட்டது. அவளை நிமிர்ந்து பார்த்தான். அறுபது வருஷத்தில் அந்தக் கடையைப் பற்றி என்னிடம்கூட அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இத்தனை கதை சொன்னவன் பரோபிரிட்ஜுக்கு அந்தப்பக்கத்தை மட்டும் எப்போதும் தாண்டிப் போயிருக்கிறான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்கயும் ஸ்டான்தான்," என்றான் நார்மன். "மொத நாள் அவ பேரு கேட்டப்ப பக்கத்து மேசையில ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான்மா. சொல்லிட்டேன். அப்புறம் மாத்த வாய் வரல. பழகினப்புறம் பொய்யன்னு நெனச்சிருவாளோன்னு பயம். விடுப்புல வரும்போது சொல்றேன், அடுத்த தடவை சொல்றேன்னு தள்ளித் தள்ளிப் போட்டேன். அதுக்குள்ள சைப்ரஸ்ல தூக்கிப் போட்டுட்டாங்க."

"அங்கேருந்து எழுதலையா?"

"என்ன பேர் போட்டு எழுதறது? நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். திரும்பி வந்து மூணு தடவை அந்தக் கடைக்குப் போனேன். போயிட்டா, எங்கன்னு தெரியாதுன்னுட்டான் கடைக்காரன். வேற நல்ல பையன் கெடச்சிருப்பான்னு விட்டுட்டேன்."

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரண்டு பேரும் பெயர் சொல்லவில்லை. பெவர்லிதான் சொன்னாள். "நான் டோரீனோட பொண்ணு. ஐம்பத்தேழு ஜூன் எட்டு."

நார்மன் விரலை மடக்கினான். ஜூன், மே, ஏப்ரல் என்று பின்னோக்கி உதடு அசைந்தது. செப்டம்பரில் நின்றது. பெவர்லி அந்தக் காகிதத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு வரியையும் படித்தான். ரொம்ப நேரம் படித்தான். பிறகு தலையைத் தூக்கி அறை முழுக்கத் தேடி, வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்தான்.

"இது உன் கையெழுத்துடா."

"ஆமா."

"அவ எழுதினாளா?"

கிட்டே போனேன். தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. ஒரே ஒரு கடிதம் வந்தது என்றேன். ஆறு வாரமாக உன்னைக் காணோம், முக்கியமான விஷயம் சொல்லவேண்டும், லீட்ஸில் அத்தை வீட்டு முகவரிக்கு எழுது என்று இருந்தது என்றேன். யாரோ பைத்தியம் என்று நினைத்தேன், அல்லது முகாமில் எவனோ என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன், பிரெண்டா கண்ணில் பட்டால் வம்பு என்று அடுப்பில் போட்டுவிட்டுப் பதில் எழுதினேன் என்றேன். திட்டுவான், எழுந்து அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீ எழுதினது சரிதானேடா," என்றான். "உனக்கு அவளத் தெரியாதே."

பிறகு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்கால் சரியில்லை, நேரமாயிற்று. அவளும் எழுந்தாள்.

"என் பேரு நார்மன்மா. நார்மன் பிக்கர்ஸ்," என்று கையை நீட்டினான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அம்மா கடைசிவரைக்கும் ஸ்டான் என்றுதான் சொன்னாள் என்றாள். "அந்த ஸ்டான் நான்தாம்மா," என்று சொல்லி நார்மன் அழ ஆரம்பித்தான். மன்றத்தில் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பிரெண்டா என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பிரெண்டாவும் நானும் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டுச் சாவியைத் தேடும்போதுதான் கேட்டாள். "ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லணும். ஸ்டியரிங்ல இருக்கவன் எல்லாம் ஸ்டான்னு சட்டம் போட்டவரு நீங்க. ஸ்டானுக்குன்னு ஒரு பொண்ணுகிட்டேருந்து கடுதாசி வந்தா, மத்த மூணு பேர்ல எவனோன்னு தோணாதா? தோணலையா உங்களுக்கு?"

தெரியவில்லை என்றேன். அவள் நம்பினாளா என்பதும் தெரியவில்லை. அன்று முதல் நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தது ஞாபகம் இருக்கிறது, நீல மை ஞாபகம் இருக்கிறது. கடிதத்தில் காரைப் பற்றி ஒரு வரி இருந்ததா? இருந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. டெரெக்கையும் கோர்டனையும் அப்போதே கேட்டேன், இரண்டு பேரும் இல்லை என்றார்கள், அது நிச்சயம். அவர்களைக் கேட்டேன் என்றால் ஏதோ தோன்றித்தானே கேட்டிருக்கவேண்டும்? அப்படியானால் நார்மனுக்கு ஒரு வரி எழுதிப் போட என்ன தடை? சைப்ரஸுக்குத் தபால் போய்க்கொண்டுதான் இருந்தது. புது நிச்சயதார்த்தம், உரிம விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயம், சோம்பல், இவற்றில் எது? தெரிந்தே செய்தேனா, தெரியாமல் செய்தேனா? அன்றைய நான் இருபது வயதுப் பையன், அவன் எனக்குப் பதில் சொல்லமாட்டேன் என்கிறான்.

நார்மன் இப்போது மாட் அத்தையைப் பற்றிப் பேசுவதில்லை. பெவர்லிக்கு இரண்டு பையன்கள், மூன்று பேரக்குழந்தைகள். வாயைத் திறந்தால் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை நார்த்தாலர்டனில் சாப்பாடு. கடைக்குட்டிக்கு அவன் மூக்காம், யாரைப் பார்த்தாலும் படம் காட்டுகிறான். என்னிடம் எப்போதும்போலத்தான் இருக்கிறான். எனக்கு ஒரு கோப்பை வாங்கி முன்னால் வைக்கிறான். பிரெண்டா கேட்ட கேள்வியை மட்டும் அவன் இன்னும் கேட்கவில்லை. வியாழக்கிழமை தவறாமல் போய் அவனுக்கு எதிரே உட்காருகிறேன். கேட்டால் என்ன சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.